பாப்பம்மாள் பாட்டியின் கடைக் கணக்கு: பாடநூல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

பாடநூல் குழுவில் இருக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். கோவை மாவட்டத்தில் அரசுப் பள்ளி ஒன்றில் கணக்குப் பாடம் எடுக்கிறேன். நூறு வயதைத் தாண்டியும் விவசாயம் செய்த தேக்கம்பட்டி பாப்பம்மாள் பாட்டியைப் பற்றி நீங்கள் என்றாவது ஒரு பாடம் எழுதுவீர்கள். தமிழ்ப் புத்தகத்தில் வரலாம், சமூக அறிவியலில் வரலாம். வந்தால் நல்லதுதான். வருவதற்கு முன்னால் சொல்லிவைக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. பாடம் அச்சேறிய பிறகு சொல்லிப் பயனில்லை.

2024 செப்டம்பர் 27 அன்று பாட்டி இறந்தார். மறுநாள் வந்த இரங்கல் செய்திகள் பெரும்பாலும் வயதைப் பற்றியே பேசின. நூறைத் தாண்டியும் வயலில் இறங்கினார், தள்ளாத வயதிலும் களைக்கொத்தைக் கீழே வைக்கவில்லை, 2021 இல் பத்மஸ்ரீ வாங்கினார், அந்த ஆண்டு பிப்ரவரியில் கோவைக்கு வந்த பிரதமர் அவர் முன்னால் குனிந்து வணங்கினார். இவ்வளவும் உண்மைதான். உயிரோடு இருந்தபோது பேட்டி எடுக்கப் போனவர்களும் என்ன சாப்பிடுகிறீர்கள் என்பதைத்தான் ஆசையாகக் கேட்டார்கள். அவருக்கு ஆட்டுக்கறி பிரியாணி பிடிக்கும் என்பதுகூடச் செய்தியானது. அவர் எப்படி நிலம் வாங்கினார் என்பது மட்டும் ஒரே வரியில் முடிந்துபோனது.

அந்த ஒரு வரி இதுதான்: மளிகைக்கடை லாபத்தில் பத்து ஏக்கர் அளவுக்கு நிலம் வாங்கினார்.

உங்கள் பாடம் இந்த வரியிலிருந்து தொடங்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

அவருடைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1914 இல் தேவலாபுரத்தில் பிறந்தார். சின்ன வயதிலேயே தாய் தகப்பனை இழந்து, தேக்கம்பட்டியில் தன்னுடைய பாட்டியிடம் வளர்ந்தார். அந்தப் பாட்டி நடத்திய மளிகைக்கடை, அவருக்குப் பிறகு பாப்பம்மாள் கைக்கு வந்தது. கூடவே ஒரு சாப்பாட்டுக்கடையும் போட்டார். முப்பது வயதுக்கு மேல் நிலம் வாங்கி விவசாயத்தில் இறங்கினார். சோளம், பயறு வகைகள், காய்கறி, பிற்காலத்தில் வாழை என்று பயிர் வைத்தார். கடைசிக் காலத்தில் இரண்டரை ஏக்கரை இயற்கை முறையில் பார்த்துக்கொண்டார்.

இதைப் பாடமாக்க உட்கார்ந்தால் தலைப்பு தானாக வந்துவிடும்: 'உழைப்பே உயர்வு'. தயவுசெய்து அதை மட்டும் வைக்காதீர்கள்.

காரணம் சொல்கிறேன். என் வகுப்பில் பாதிக்கு மேல் கூலி வேலைக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள். அவர்களுடைய அம்மாக்கள் விடியும் முன்னே எழுந்து சமைத்து வைத்துவிட்டு, களையெடுக்கவும் கறிவேப்பிலை பறிக்கவும் போகிறவர்கள். அந்தப் பெண்களின் உழைப்பு பாட்டியின் உழைப்புக்கு எந்த விதத்திலும் குறைந்ததல்ல. நாற்பது வருடம் உழைத்த பிறகும் அவர்களிடம் ஒரு சென்ட் நிலம் இல்லை. 'உழைத்தால் உயரலாம்' என்று நீங்கள் எழுதினால், வகுப்பில் இருக்கிற பிள்ளை வீட்டுக்குப் போய் அம்மாவைப் பார்க்கும். அப்படியானால் நம் அம்மா சரியாக உழைக்கவில்லையோ என்று நினைக்கும். பாடநூல் ஒரு பிள்ளைக்கு அந்த எண்ணத்தைக் கொடுக்கக் கூடாது.

பாட்டியிடம் உழைப்பு இருந்தது, அதோடு ஒரு கடை இருந்தது. அதாவது தினமும் கையில் காசு புரள்கிற ஒரு முதல் இருந்தது. அந்த முதலைக் கரைத்துவிடாமல் நிலமாக மாற்றத் தெரிந்த கணக்கும் இருந்தது. அவரை உழைப்பாளி என்று மட்டும் நினைவுகூர்ந்தால் அவருடைய மூளையை விட்டுவிட்டு முதுகை மட்டும் எடுத்துக்கொண்டதாக ஆகிவிடும்.

நான் என் வகுப்பில் ஒரு கணக்குப் போடுவேன். எண்கள் நானே வைத்தவை, பாட்டியின் கணக்கு அல்ல. ஒரு மளிகைக்கடையில் நாளொன்றுக்கு எட்டணா, அதாவது அரை ரூபாய் லாபம். மாதத்துக்குப் பதினைந்து ரூபாய். வீட்டுச் செலவு போகப் பாதி மிஞ்சுகிறது, அதாவது ஏழரை ரூபாய். வருடத்துக்கு 90 ரூபாய். ஏக்கர் 600 ரூபாய் என்றால் முதல் ஏக்கர் வாங்க எத்தனை வருடம்? ஆறு வருடம் எட்டு மாதம். பத்து ஏக்கருக்கு? பிள்ளைகள் பத்தால் பெருக்கி 66 வருடம் 8 மாதம் என்பார்கள். ஒரு ஆயுள் போய்விடும். அப்படியென்றால் இது நடக்கவே முடியாதே என்று யாராவது ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும். அந்தக் கேள்விக்காகத்தான் காத்திருப்பேன்.

வாங்கிய முதல் ஏக்கர் சும்மா கிடக்காது. செலவு போக வருடம் 60 ரூபாய் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது சேமிப்பு வருடத்துக்கு 150. இரண்டாவது ஏக்கர் நான்கே வருடத்தில் வந்துவிடும். மூன்றாவதுக்கு மூன்று வருடம்கூட வேண்டாம். இப்படியே போட்டுக்கொண்டு போனால் பத்தாவது ஏக்கர் 24 வருடத்துக்குள் கைக்கு வந்துவிடும். நிலத்தின் விலை ஏறும், மழை பொய்க்கும், வீட்டில் கல்யாணம் வரும் என்பதையெல்லாம் அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம். கூட்டு வட்டியை வங்கி விளம்பரத்தை வைத்து நடத்துவதைவிட இப்படி நடத்தினால் பிள்ளைகளுக்கு மறக்காது. முதல் ஏக்கர்தான் கஷ்டம் என்பதும் அவர்களுக்கே புரிந்துவிடும். அந்த முதல் ஏக்கரைக் கூலிக்காசில் ஏன் வாங்க முடிவதில்லை என்பதை ஒருமுறை இதே கணக்கில் கூலியைப் போட்டுக் காட்டினேன். வகுப்பு கொஞ்ச நேரம் பேசவில்லை.

கடையும் காடும் ஒன்றுக்கொன்று எப்படித் தாங்கின என்பதற்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். (எங்கள் பக்கம் மானாவாரி நிலத்தைக் காடு என்போம். வெளி மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு ஒரு அடிக்குறிப்பு வேண்டியிருக்கும்.) கிராமத்துக் கடையில் தினமும் சில்லறை வரும், மொத்தமாக எதுவும் வராது. காட்டில் மாதக்கணக்கில் எதுவும் வராது, வந்தால் மொத்தமாக வரும். களையெடுப்புக்குக் கூலி கொடுக்க வேண்டிய வாரத்தில் காடு கை விரிக்கும், கடை கை கொடுக்கும். மண்டியில் பருப்பு விலை இறங்கிக் கிடக்கும்போது மொத்தமாகச் சரக்கு எடுக்க வேண்டுமானால் அறுவடைக் காசு உதவும். சாப்பாட்டுக்கடை இன்னொரு வழி. சந்தைக்குக் கொண்டுபோக முடியாத முற்றின கத்தரிக்காயும் கோணல் அவரைக்காயும் அங்கே குழம்பாகும். இது எங்கள் வீட்டில் நான் பார்த்தது. என் அம்மாவும் கடை வைத்துக்கொண்டு காடு பார்த்தவர்தான்.

கடைக்காரருக்கு இன்னொரு வசதியும் உண்டு. பற்று நோட்டு. யார் எவ்வளவு கடன், யார் வெள்ளாமை எடுத்ததும் அடைப்பார், யார் இழுத்தடிப்பார் என்று ஊரின் நாடி முழுவதும் அதில் இருக்கும். எந்தக் காட்டில் என்ன விளைகிறது, எந்தக் கிணறு வற்றுகிறது, யாருக்குப் பணமுடை, யார் நிலத்தை விற்கப் போகிறார்கள் என்பதெல்லாம் கடைப் பலகையில் உட்கார்ந்திருப்பவர் காதுக்குத்தான் முதலில் வரும். அதே நோட்டுக்கு ஒரு கசப்பான பக்கமும் உண்டு. கடனுக்காக நிலத்தை எழுதி வாங்கிய கடைக்காரர்கள் நம் ஊர்களில் இருந்திருக்கிறார்கள். கடை வைத்திருந்தவர்களையெல்லாம் தெய்வமாக்கச் சொல்லவில்லை. கடை என்பது ஒரு பலம் என்று பிள்ளைகள் தெரிந்துகொண்டால் போதும்.

காலத்தையும் விட்டுவிடாதீர்கள். பாட்டிக்கு முப்பது வயது ஆனது இரண்டாம் உலகப் போர் நடந்தபோது. போரோடு வந்த ரேஷனும் உணவுக் கட்டுப்பாடும் 1952 இல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோதுதான் நீங்கின. சரக்கே தட்டுப்பாடாக இருந்த காலத்தில் மளிகைக்கடை நடத்துவது சின்ன வேலை இல்லை. அடுத்து 1957 ஏப்ரலில் அணா போய் நயா பைசா வந்தது. ஓர் அணாவுக்குச் சரியாக ஆறே கால் நயா பைசா. கால் பைசாவுக்கு எங்கே போவது? ஓர் அணாச் சரக்குக்கு ஆறு பைசா வாங்கினால் கடைக்கு நஷ்டம், ஏழு வாங்கினால் சண்டை. அந்தச் சூட்டோடு எடைகளும் மாறின. நாற்பது பலம் ஒரு வீசை, எட்டு வீசை ஒரு மணங்கு என்று இருந்தது போய்க் கிலோவும் கிராமும் வந்தன, படி போய் லிட்டர் வந்தது. ஊருக்குப் புதுக் கணக்கைச் சொல்லிக்கொடுத்தது பள்ளிக்கூடம் மட்டும் இல்லை. ஒவ்வொரு நாளும் நின்று பதில் சொன்னவர்கள் கடைக்காரர்கள். கணக்கு வாத்தியார்களுக்கு முன்னோடிகள் என்று அவர்களைத்தான் சொல்வேன்.

இனி உங்கள் புத்தகத்துக்கு வருகிறேன். சமூக அறிவியலில் முதன்மைத் துறை, இரண்டாம் துறை, மூன்றாம் துறை என்று பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறோம். விவசாயம் முதல் பெட்டி, வணிகமும் உணவகமும் மூன்றாவது பெட்டி. பாப்பம்மாள் பாட்டியை எந்தப் பெட்டியில் போடுவது? தேர்வில் கேட்டால் 'விவசாயம்' என்று எழுதினால்தான் மதிப்பெண் வரும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் அதே கதைதான். 2001 இலும் 2011 இலும் வேலை செய்கிற ஒருவரை நான்கு வகைகளில் ஒன்றில்தான் சேர்த்தார்கள்: சாகுபடியாளர், விவசாயத் தொழிலாளர், வீட்டுத்தொழில் செய்பவர், பிறர். காலையில் கடை திறந்து, பத்து மணிக்குக் காட்டுக்குப் போய், மதியம் இலை போட்டுப் பரிமாறி, மாலை மறுபடி கடையில் உட்கார்ந்த ஒருவருக்கு அந்த நான்கில் எது?

இது வெறும் ஏட்டுப் பிரச்சினை என்று நினைக்காதீர்கள். என் அம்மா கிணற்றை ஆழப்படுத்தக் கடன் கேட்டு ஒரு வங்கிக்குப் போனார். சிட்டா, அடங்கல் எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் வங்கிக் கணக்கு கடை பெயரில் ஓடியதால், நீங்கள் வியாபாரிதானே என்றார்கள். சரி, அப்படியே இருக்கட்டும் என்று கடைக்குக் குளிர்பெட்டி வாங்கக் கடன் கேட்டார். உங்களுக்கு நிலம் இருக்கிறதே, விவசாயக் கடன் வாங்குங்கள், வட்டி குறைவு என்று அதே மேசையில் சொன்னார்கள். அம்மா இரண்டையும் விட்டுவிட்டு நகையை வைத்தார். வங்கிக்காரர் கெட்டவர் இல்லை. அவரும் உங்கள் புத்தகத்தைப் படித்து வந்தவர்தான், ஒரு ஆளுக்கு ஒரு தொழில் என்று மனதில் பதிந்துவிட்டது.

பெண்ணும் நிலமும் என்கிற விஷயத்தை எழுதாமல் இந்தப் பாடத்தை முடிக்க முடியாது. பாட்டி நிலம் வாங்க ஆரம்பித்த காலத்தில் பூர்வீக நிலத்தில் மகளுக்குப் பங்கு கிடையாது. 1956 இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தது. தன் கையில் இருக்கும் சொத்துக்குப் பெண் முழு உரிமையாளர் என்று அது சொன்னது. பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமாக மகளுக்கும் பங்கு என்பது தமிழ்நாட்டில் 1989 இலும், நாடு முழுவதும் 2005 இலும்தான் வந்தது. சட்டம் வந்து இவ்வளவு காலம் ஆன பிறகும், 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சாகுபடி நிலவுடைமைகளில் பெண்கள் பெயரில் இருப்பவை 14 விழுக்காட்டுக்குப் பக்கம்தான். வயலில் குனிந்து நிற்பவர்களை எண்ணினால் பெண்கள் எத்தனை பேர் என்பது உங்களுக்கே தெரியும். இந்தச் சூழ்நிலையில் ஒரு பெண் பங்குக்குக் காத்திருக்காமல் விலை கொடுத்து நிலம் வாங்கினார். நூறு வயதில் களை எடுத்ததைவிட இது எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. நூறு வயது அதிர்ஷ்டமும் கூட. பத்து ஏக்கர் அதிர்ஷ்டத்தில் வந்ததல்ல.

அப்புறம், அவர் பதவியில் இருந்தவர். 1959 இல் தேக்கம்பட்டி ஊராட்சியில் வார்டு உறுப்பினர், பிறகு காரமடை ஒன்றியத்தில் கவுன்சிலர். உள்ளாட்சியில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு என்பது 73 ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தோடு 1990களில் வந்தது. தமிழ்நாட்டில் அதைப் பாதிக்குப் பாதி ஆக்கியது 2016 இல். இவர் அதற்கெல்லாம் முன்பே ஓட்டு வாங்கி உட்கார்ந்தவர். கடைக்காரர் என்பது அதற்கும் உதவியிருக்கும் என்பது என் ஊகம். ஊரில் எல்லாரும் தினமும் முகம் பார்த்துப் பேசுகிற ஆள் கடைக்காரர்தானே.

இங்கே ஒரு சங்கடம் உங்களுக்கு வரும், தெரிகிறது. அவர் தி.மு.க.காரர். கடைசி வரைக்கும் அதை மறைத்ததில்லை. 2024 இல் அந்தக் கட்சி அவருக்குப் பெரியார் விருது அறிவித்தது. பத்மஸ்ரீ கொடுத்தது மத்திய பா.ஜ.க. அரசு. ஆக இரண்டு தரப்பும் அவரைச் சொந்தம் கொண்டாடும் படங்கள் இருக்கின்றன. வழக்கமாக நீங்கள் இப்படிப்பட்ட இடத்தில் அரசியலை மொத்தமாக வெட்டிவிட்டு, கள்ளங்கபடமில்லாத ஒரு கிராமத்துப் பாட்டியை வரைந்துவிடுவீர்கள். வெட்டாதீர்கள். ஒரு விவசாயிக்குக் கட்சி இருக்கலாம், கருத்து இருக்கலாம் என்பது பிள்ளைகளுக்குத் தெரிவதில் கெடுதல் ஒன்றும் இல்லை. பத்ம விருதுப் பட்டியல் வெளியானது 2021 ஜனவரி 25. மறுநாள் டெல்லியில் வேளாண் சட்டங்களை எதிர்த்து விவசாயிகள் டிராக்டர் பேரணி நடத்தினார்கள். விவசாயிக்கு மாலை போடுவதும் விவசாயி சொல்வதைக் கேட்பதும் வேறு வேறு வேலைகள் என்பதற்கு ஆசிரியர் வகுப்பில் அதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டாம்.

வேளாண் பல்கலைக்கழகத்தோடு அவருக்கு இருந்த தொடர்பையும் எழுதுங்கள். கோவையில் அந்தக் கல்லூரி 1906 இலிருந்து இருக்கிறது, 1971 இல் பல்கலைக்கழகம் ஆனது. அங்கே விவாதக் குழுவில் பாட்டி இடம்பெற்றிருந்தார். பட்டம் வாங்காத ஒருவர் ஆராய்ச்சியாளர்களோடு உட்கார்ந்து பேசினார், பிற்காலத்தில் இயற்கை விவசாயத்துக்கு மாறினார். 'பாரம்பரிய அறிவு' என்று சொல்லி இதை மூடிவிடாதீர்கள். பாதி வாழ்க்கை ஒரு மாதிரி விவசாயம் செய்துவிட்டு, கேட்டுத் தெரிந்துகொண்டு முறையை மாற்றிக்கொள்வது பாரம்பரியத்தில் சேராது. அதற்குப் படிப்பு என்று பெயர்.

ஊரையும் சரியாக வரையுங்கள். புத்தகங்களில் வரும் கிராமத்தில் தென்னை மரமும் ஓடையும் சூரியனும்தான் இருக்கும். தேக்கம்பட்டி நீலகிரி அடிவாரத்தில், மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்தில், பவானி ஆற்றங்கரையில் இருக்கிறது. வனபத்ரகாளியம்மன் கோயில் அங்கேதான். கோயில் யானைகளுக்கு அரசு புத்துணர்வு முகாம் நடத்தியதும் அந்த ஊரில்தான். முகாம் யானைகளுக்குக் கரும்பு ஊட்டிப் படம் எடுத்தார்கள். காட்டு யானைகள் அதே வாழையையும் சோளத்தையும் ராத்திரியில் வந்து தின்றுவிட்டுப் போகும், காவல் இருக்கிறவர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு டார்ச் அடிப்பார்கள். அந்த வட்டாரத்தில் வாழை வைக்கிற எவருடைய வரவு செலவுக் கணக்கிலும் யானைக்கு ஒரு வரி உண்டு.

படம் போடும்போது ஒரு சின்ன வேண்டுகோள். அவர் வயலில் குனிந்து நிற்கும் படம் எல்லாரிடமும் இருக்கிறது. ஓவியர் ஒருவரை வைத்து, மளிகைக்கடையில் தராசுக்குப் பின்னால் முப்பது வயதுப் பெண் ஒருவர் நோட்டில் எழுதிக்கொண்டிருப்பதுபோல் வரையச் சொல்லுங்கள். நூறு வயதுப் பாட்டியைப் பார்த்துப் பிள்ளைகள் கும்பிடுவார்கள். முப்பது வயதுக்காரியைப் பார்த்தால் நாமும் ஒரு கை பார்க்கலாமா என்று யோசிப்பார்கள்.

பாடத்தின் கடைசியில் 'சிந்தித்து விடையளி' என்று ஒரு பகுதி வைப்பீர்கள் அல்லவா? அதற்கு மூன்று கேள்விகள் அனுப்புகிறேன். நாள் வருமானம் உள்ளவருக்கும் பருவ வருமானம் மட்டுமே உள்ளவருக்கும் வறட்சி வந்தால் என்ன வித்தியாசம்? உன் ஊரில் நிலம் வாங்கிய பெண் ஒருவரிடம் போய், முதல் ஏக்கருக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டு எழுது. அப்படி யாரும் இல்லையென்றால், ஏன் இல்லை என்று எழுது. மூன்றாவது கேள்விக்கு விடைக்குறிப்பு கொடுக்க வேண்டாம். என்ன எழுதினாலும் முழு மதிப்பெண் போடச் சொல்லி ஆசிரியர் கையேட்டில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

மேலே சொன்ன ஏக்கர் கணக்கின் முழு அட்டவணையும் என்னிடம் இருக்கிறது. எட்டாம் வகுப்புக்குப் பொருந்தும். வேண்டுமென்றால் தட்டச்சு செய்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஒரு கணக்கு ஆசிரியர்,
கோவை மாவட்டம்